கொலம்பஸ் மகனின் வீட்டிலிருந்து புன்டா கானா வரை

கடற்கரை விடுதிகளுக்குப் பேர்போன புன்டா கானாவுக்கே நேரடி விமானம் இருக்கும்போது தலைநகர் சாண்டோ டொமிங்கோவில் எதற்கு இறங்குகிறீர்கள் என்று கேட்காத நண்பர் இல்லை. கரீபியன் தீவு நாடான டொமினிக்கன் குடியரசுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரை விடுதிக்குள் நுழைந்து, கையில் விடுதியின் அடையாளப் பட்டையைக் கட்டிக்கொண்டு, வெயிலில் வெந்து ஊர் திரும்புகிறார்கள். கடலை நானும் வெறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் அமைத்து இன்றுவரை மக்கள் வாழ்ந்துவரும் மிகப் பழைய நகரம் அதே தீவில் இருக்கும்போது அதைப் பார்க்காமல் வர எனக்கு மனம் இல்லை.

கொலம்பஸின் தம்பி பார்த்தலோமியோ 1496இல் ஓசாமா ஆற்றின் கிழக்குக் கரையில் போட்ட குடியிருப்பு இது. சூறாவளி அதை அழித்ததும், 1502இல் ஆளுநராக வந்த ஓவாண்டோ நகரை மேற்குக் கரைக்கு மாற்றினார். அவர் வகுத்த நேர்க்கோட்டுத் தெருக்களில்தான் இன்றும் நடக்கிறோம். ‘ஸோனா கொலோனியல்’ என்ற இந்தப் பழைய பகுதி 1990 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நல்ல செருப்பு இருந்தால் வாகனமே வேண்டாம். கோட்டை, அரண்மனை, பேராலயம் எல்லாம் கூப்பிடு தூரம்தான். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். பதினோரு மணிக்குமேல் கல்தரை அனல் கக்குகிறது.

இங்கே எதைப் பார்த்தாலும் ‘முதல்’ என்று ஒரு பலகை நிற்கும். முதல் பேராலயம், முதல் மருத்துவமனை, கல் பாவிய முதல் தெரு. லாஸ் தாமாஸ் என்ற அந்தத் தெருவில் கொலம்பஸின் மகன் டியேகோவின் மனைவி மரியா தன் தோழியரோடு மாலையில் உலாவப் போவாராம். இரண்டாவது நாள் காலைக்குள் எனக்கு ‘முதல்’கள் சலித்துவிட்டன. சலிக்காதது கல். பவளப்பாறைச் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய சுவர்கள் அவை. பேராலயத்தின் நிழல் பக்கமாகப் போய் சுவரைக் கிட்டத்தில் பார்த்தால், பவளம் வளர்ந்த வரிகளும் சின்னஞ்சிறு குழிகளும் அப்படியே தெரிகின்றன. விரலால் தடவினால் சுரசுரவென்று இருக்கிறது. கடலடியில் உயிரோடு இருந்த ஒன்றின் மேல் சாய்ந்து நிற்கிறோம் என்பது கொஞ்சம் விசித்திரமான உணர்வு. 1586இல் ஆங்கிலேயக் கடலோடி ஃபிரான்சிஸ் டிரேக் இந்த நகரைப் பிடித்தபோது இதே பேராலயத்தில்தான் தங்கினார்; பிறகு 25,000 டுக்கட் பொற்காசுகளைப் பிணைப்பணமாக வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார்.

கொலம்பஸின் எலும்புகளுக்கு இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. 1877இல் இந்தப் பேராலயத்தில் அவர் பெயர் பொறித்த ஓர் ஈயப்பெட்டி கிடைத்தது. ஆற்றுக்கு அக்கரையில், சிலுவை வடிவில் எழுப்பி 1992இல் திறந்த பிரம்மாண்டமான கான்கிரீட் நினைவகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் செவில் நகரமோ அவர் தங்களிடம்தான் இருக்கிறார் என்கிறது. அந்த நினைவகம் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய மரியாதைக்கு அவர் தகுதியானவரா என்ற கேள்வி போகும் வழியெல்லாம் கூடவே வந்தது.

அதற்கு விடை கடற்கரைச் சாலையில் நிற்கிறது. வாயருகே கையைக் குவித்து உரக்கக் கத்தும் ஒரு துறவியின் பெரிய சிலை. அந்தோனியோ டி மொன்டெசினோஸ். 1511 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, டியேகோ உட்பட ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த ஆராதனையில், தீவின் பூர்வகுடிகளான டைனோ மக்களைச் சுரங்கத்தில் வாட்டி எடுப்பவர்களைப் பார்த்து ‘இவர்கள் மனிதர்கள் இல்லையா?’ என்று கேட்டவர். கொதித்துப்போனவர்கள் பேச்சைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். மறுவாரம் இன்னும் கடுமையாகப் பேசினார். டைனோ மக்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கவில்லை என்பதும் உண்மைதான். அவர்கள் இடத்தில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கினார்கள். 1520களின் தொடக்கத்தில் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தது டியேகோவின் கரும்புத் தோட்டத்தில். ஆற்றைப் பார்த்த வளைவுகளோடு ஒய்யாரமாக நிற்கும் அவருடைய மாளிகையை முதல் நாள் ரசித்துப் படம் எடுத்திருந்தேன். சிலையைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கரும்புதான் நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டுக்கு நமக்குக் கவலையே இல்லை. மதியச் சாப்பாடு வெள்ளைச் சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, இறைச்சி. காலையில் வேகவைத்து மசித்த வாழைக்காய், மேலே வதக்கிய வெங்காயம். மாங்கு என்று பெயர். நாங்கள் போனது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால், அந்தக் காலத்துக்கே உரிய இனிப்பு பீன்ஸ் கிடைத்தது. பீன்ஸை அரைத்து, தேங்காய்ப்பால், பால், சர்க்கரை, பட்டை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உலர்திராட்சை போட்டுக் காய்ச்சுகிறார்கள். பருப்புப் பாயசத்தின் தூரத்து உறவு என்று சொல்லலாம். என் மனைவி ஏலக்காய் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டே இரண்டாவது கிண்ணம் வாங்கினாள்.

புன்டா கானாவுக்கு பஸ்ஸில் போனோம். சுமார் 200 கிலோமீட்டர், நல்ல நெடுஞ்சாலை. பஸ்ஸில் ஏசி எலும்பை உறைய வைக்கும், சால்வை அவசியம். வழியில் பேஸ்பால் வீரர்களுக்குப் பேர்போன சான் பெத்ரோ தே மகோரிஸ், அதன் பிறகு கரும்பு, கரும்பு, கரும்பு. வெட்டுபவர்களில் மிகப் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

விடுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேண்டிய மட்டும் சாப்பாடு, நீச்சல்குளம், இரவில் மெரெங்கே நடனம். கடல் நிறம் படங்களில் வருவது பொய்யில்லை. ஆனால் படங்களில் வராத ஒன்று உண்டு: சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி. வசந்தத்திலும் கோடையிலும் அலை அதைக் கரையில் தள்ளுகிறது. விடியும் முன்பே தொழிலாளர்கள் முள்வாரியால் வாரிக் குவிக்கிறார்கள். டிராக்டர் வந்து அள்ளிப் போகிறது. விருந்தினர் எழுந்து வரும்போது மணல் சுத்தமாக இருக்கும். இரண்டு நாள் கிடந்தால் அழுகிய முட்டை வாடை வந்துவிடும். பாசி வேண்டாம் என்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள்.

இன்னொன்று. இந்த நாட்டில் அலை தொடும் இடத்திலிருந்து 60 மீட்டர் வரை கரை பொதுச்சொத்து. 1968ஆம் ஆண்டுச் சட்டம். விடுதி நாற்காலிகளைத் தாண்டி ஈர மணலிலேயே நடந்து கொண்டிருந்தால் யாரும் தடுக்க முடியாது. அப்படித்தான் ஓலைக் கூரை போட்ட ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். குடும்பம் குடும்பமாக உள்ளூர்க்காரர்கள், ஒலிபெருக்கியில் பச்சாட்டா இசை, டோமினோ கட்டையை மேசையில் ஓங்கி அடிக்கும் முதியவர்கள். முழு மீனை மொறுமொறுவென்று பொரித்து, தட்டி நசுக்கிப் பொரித்த வாழைக்காயோடு எலுமிச்சை வைத்துத் தந்தார்கள். விடுதியில் எல்லாம் ஏற்கெனவே கட்டணத்தில் அடக்கம். அங்கே காசு கொடுத்துத்தான் சாப்பிட்டோம். மீதி நாட்களின் மதியச் சாப்பாடும் அந்தக் கடையில்தான்.