அம்மிக்கு அடியில் ஒரு றெக்கை

பிளைவுட் கடையில் போய் 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார்கள். திருநெல்வேலி டவுனில் நான் கேட்ட கடையில் அண்ணாச்சி கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, "கதவுக்கா, கட்டிலுக்கா?" என்றார். ஏரோப்ளேனுக்கு என்றேன். கொஞ்சமும் அசராமல், "அப்ப மெரைன் பிளை போட்ருங்க, மழைல நனைஞ்சாலும் ஒண்ணும் செய்யாது, பத்தொம்பது எம்எம் இருக்கு" என்றார், உண்மையான அக்கறையோடு.

அவரிடம் இருந்ததிலேயே மெல்லிசு 4 எம்எம். நான் செய்யப் போனது ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம், அதற்குப் போட்டு வைத்திருந்த கணக்கு இது: றெக்கை 1 மீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம், மேலும் கீழும் தோல் போர்த்த 0.36 சதுர மீட்டர் பலகை வேண்டும். 4 எம்எம்மில் போர்த்தினால் றெக்கைத் தோல் மட்டுமே முக்கால் கிலோவைத் தாண்டிவிடும், மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாம் சேர்த்து மொத்த விமானமே 750 கிராம் என்பதுதான் திட்டம். 0.4 எம்எம் என்றால் அதே தோல் ஏறக்குறைய 100 கிராமில் முடிந்துவிடும். கடைசியில் ஆன்லைனில் வாங்கினேன். பிர்ச் மரம், நாலு ஏ4 தாளை அடுக்கினால் வரும் கனம்தான், அதற்குள்ளேயும் மூன்று அடுக்கு.

தெர்மாகோலிலோ சன்போர்டிலோ செய்தால் ஒரு சாயங்காலத்தில் ஆகிற வேலை, எனக்கும் தெரியும். ஆனால் மரத்தோல் போர்த்திய றெக்கையை விரல் மடக்கித் தட்டினால் வரும் டொக் டொக் சத்தம் தெர்மாகோலில் வராது, எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, தாள் வந்துவிட்டது, வெட்ட வேண்டும். பிளேடு வைத்து இழுத்தால் நார் போகிற பக்கமே பிளேடும் போகிறது. திண்ணையில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் பொறுக்க முடியாமல், "ஏல, இங்க கொண்டா" என்று வாங்கி, பீடி இலை வெட்டும் கத்தரியால் சரக்கென்று ஒரு கோடு வெட்டிக் கொடுத்தாள். ஓரத்தில் ஒரு சிலும்பு இல்லை. முக்கூடல் பக்கம் பீடிக்காரர்கள் வீட்டில் இருக்கும் அந்தக் குட்டிக் கத்தரியை நீங்கள் பார்த்திருக்கலாம், பிடி கறுத்து, முனை வருஷக்கணக்கில் தீட்டித் தீட்டித் தேய்ந்திருக்கும். தகரத் தகட்டை இலைமேல் வைத்து அதே அளவுக்குச் சுற்றி வெட்டுவது சித்திக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும் என்பதால், எல்லாத் துண்டுக்கும் தகரத்திலேயே அளவு வெட்டிக் கொடுத்துவிட்டேன். "பீடி இலையை விடக் கொஞ்சம் கனம், வேற ஒண்ணுமில்ல" என்று இரண்டு கட்டு பீடிக்கு நடுவே மொத்தத்தையும் வெட்டித் தள்ளிவிட்டாள்.

அடுத்தது வளைக்கிற வேலை. றெக்கையின் முன் விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும், பிளைவுட் அங்கே வளைந்து மேலிருந்து கீழே வர வேண்டும். மேல் அடுக்கின் நார் றெக்கையின் நீளவாக்கில் ஓடுமாறு வைத்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது, மீதிக்கு ஆவி காட்டச் சொல்கிறார்கள். ஒரு மீட்டர் பலகையை எந்த இட்லிக் கொப்பரையில் வைப்பது? அதற்கும் சித்தியிடமே வழி இருந்தது. பீடி இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால்தான் முறியாமல் சுருளும், இதையும் அப்படியே வை என்றாள். வெந்நீரில் நனைத்த வேட்டியில் ராத்திரி முழுக்கச் சுற்றி வைத்து, காலையில் பிவிசி குழாய்மேல் பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியதும் முனகாமல் வளைந்து கொடுத்தது. விமானப் பிளைவுட்டை ஒட்டியிருக்கும் பசை தண்ணீருக்கு விடாது என்பதால் அடுக்கும் பிரியவில்லை.

இனிமேல்தான் ஆசாரி அண்ணாச்சி வருகிறார். மெல்லிய ரீப்பர் அறுக்கவும், மட்டம் பார்த்து ஒட்டவும் அவர் பட்டறை வேண்டும். அவர் அப்பா செய்த கட்டில் இன்னும் மூன்று தெருவில் கிடக்கிறது, கட்டில்மேல் பிறந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஆடாது, அசையாது, நாலு பேர் இல்லாமல் நகராது. அப்பேர்ப்பட்ட பரம்பரையிடம் போய், எவ்வளவு மெலிசாக முடியுமோ அவ்வளவு மெலிசாக வேண்டும் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

"ஆறு எம்எம்முக்கு நாலு எம்எம்மா? இதுக்குப் பேரு சட்டமா, ஈர்க்குச்சியா?" என்றார். றெக்கைக்குள் வரும் குறுக்கு விலாக்களை 2 எம்எம் பிளைவுட்டில் வெட்டி, ஒவ்வொன்றிலும் வட்ட வட்டமாக ஓட்டை போடச் சொன்னபோதுதான் அவருக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. "நல்ல மரத்துல ஏன் தம்பி ஓட்டை போடுத?" நான் விளக்கினேன். றெக்கை வளையும்போது இழுப்பும் அமுக்கமும் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான் அதிகம், நடுவில் இருக்கும் மரம் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது, அதை எடுத்துவிட்டால் கனம் குறையும், பலம் அவ்வளவாகக் குறையாது. "அப்ப என் கட்டில்ல பாதி மரம் சும்மாவா கெடக்கு?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு பேசவில்லை.

மறுநாள் அவரை மடக்க மாஸ்கிட்டோ கதையைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த விமானம், பெரும்பகுதி மரம். நடுவில் பால்சா, இரண்டு பக்கமும் பிர்ச் பிளைவுட். 1940 நவம்பர் 25 அன்று முதலில் பறந்தது. அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலம், வீட்டுச் சாமான் செய்கிற தச்சர்களும் பியானோ செய்கிறவர்களும் அதன் பாகங்களைச் செய்தார்கள், அந்தக் காலத்தின் வேகமான விமானங்களில் அதுவும் ஒன்று. அண்ணாச்சி உளியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். சாயங்காலத்துக்குள் டீக்கடையில், "ஹிட்லரைத் தோக்கடிச்சது யாரு? ஆசாரிமாரு" என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஓட்டைகளும் எனக்குக் கிடைத்தன.

தோலை ஒட்டியது நல்ல ஆடி மாதத்தில். தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் காற்று, முற்றத்தில் வைத்த எதுவும் வைத்த இடத்தில் இல்லை. றெக்கை முறுக்கிக்கொள்ளாமல் காய வேண்டுமென்றால் சமமான பலகைமேல் வைத்துப் பசை இறுகும் வரை மேலே பாரம் ஏற்ற வேண்டும், ஒரு முனை கொஞ்சம் திருகினாலும் விமானம் நேராகப் போகாது. வீட்டில் இருந்த பாரமான, அடியில் சமமான ஒரே பொருள் அம்மி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், எங்கள் வீட்டில் அந்த அம்மி பறக்க வேண்டிய சாமான்மேல் உட்கார்ந்திருந்தது. அம்மி கிடைக்காததால் மிக்ஸியில் அரைத்த துவையலைத்தான் தின்ன வேண்டியிருந்தது, அதற்குச் சித்தப்பா முறைத்தார். அவர் முறைக்க இன்னொரு காரணமும் உண்டு. வாலில் அசைகிற பாகங்களுக்குக் கீலாக வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் தாள் வேண்டும், பழைய எக்ஸ்ரே பிலிம் அதற்கு அருமையாக இருக்கும், வீட்டில் இருந்த எக்ஸ்ரே அவர் முட்டியுடையது. இப்போது வால் நன்றாக மடங்குகிறது, முட்டிதான் மடங்க மாட்டேன் என்கிறது.

எல்லாம் கோத்து முடித்து, றெக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்னால் இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பார்த்தேன். மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் தொப்பென்று விழுந்தது. பேட்டரியை முடிந்த மட்டும் முன்னால் தள்ளினேன், அப்போதும் வால்தான். சந்தேகம் வந்து உடலை மூக்கிலிருந்து தட்டிக்கொண்டே போனேன், டொக், டொக், டொக், வால்கிட்டே மட்டும் தம். மட்டம் பார்த்து ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிப் போனவர் அண்ணாச்சி.

"வாலு நொய்ம்பா ஆடுச்சு தம்பி. ஒரு சின்னத் தேக்குத் துண்டு வச்சேன். எங்கையால போற பொருளு ஆடலாமா?"

சின்னத் துண்டு 22 கிராம். விரல் வைத்துத் தூக்கிய இடத்திலிருந்து 50 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிற அந்த 22 கிராமைச் சமன் செய்ய, 18 சென்டிமீட்டர் முன்னால் ஏறக்குறைய 60 கிராம் ஏற்ற வேண்டும். பிய்த்து எடுத்தால் வாலே வந்துவிடும் போல ஒட்டியிருந்தார், வேலை அப்படி. டயர் கடைக்குப் போனேன், கார் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டுவார்களே, ஐந்து பத்து கிராமில் குட்டிக் குட்டி எடைக்கட்டி, அதுதான் இதற்குத் தோது.

"எந்த வண்டிண்ணே?"

"ஏரோப்ளேன்."

"முன் வீலா, பின் வீலா?"

"வீலே கிடையாது தம்பி, கையால எறியணும்."

அந்தப் பையன் காசு வாங்கும்போது நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

பெயின்ட், பசை, தேக்கு, எடைக்கட்டி எல்லாம் சேர்ந்து மொத்தம் 930 கிராம். எடை கால் பங்கு கூடினால் காற்றில் நிற்கத் தேவையான வேகம் பத்தில் ஒரு பங்கு கூடும், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே இதை நம்ப முடியாது. பறக்க விடும் இடத்துக்கும் யோசிக்க வேண்டும். நம் சீமையில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், கிழக்கே போனால் வாகைக்குளம் விமான நிலையம் என்று வரிசையாக இருக்கிறது, எங்கே பறக்க விடலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்புவது உடம்புக்கு ஆகாது. ஆவணி கடைசியில் காற்று அடங்கிய ஒரு விடியற்காலம், ஊருக்கு வடக்கே வறண்டு கிடந்த மானாவாரிக் குளத்துக்குள் இறங்கினோம். நான், எறிவதற்கு எதிர்வீட்டுப் பையன், வெள்ளைச் சட்டையில் அண்ணாச்சி.

அண்ணாச்சி கையில் பூ, கற்பூரம், எலுமிச்சம்பழம். "பழத்தை எங்க வைக்க, சக்கரத்தைக் காணலயே?" கடைசியில் மூக்கில் குங்குமம் மட்டும் வைத்தார், அதையும் ஒரு சிட்டிகைக்கு மேல் நான் விடவில்லை. ரிமோட்டில் வலது அசைத்தால் வலது ஏலரான், அதாவது றெக்கையின் பின் விளிம்பில் அசைகிற பட்டை, மேலே போகிறதா என்று பார்த்து, தூரம் நடந்து சிக்னல் பார்த்து, மோட்டாரை முழுசாகத் திருகி, "எறி" என்றேன்.

போனது. தாழ்ந்து, என் வயிற்றைக் கலக்கிவிட்டு, அப்புறம் தூக்கிக்கொண்டு போனது பாருங்கள், அந்த வெயில் ஏறாத வானத்தில் மரத்தோல் மஞ்சளாக மின்னியது. வேகம்தான், மிதப்பெல்லாம் கிடையாது, திருப்பினால் திரும்பியது, விட்டால் நேராகப் போனது. அம்மி வேலை செய்திருந்தது. அண்ணாச்சி வாயைத் திறக்கவே இல்லை. பேட்டரி குறைகிறது என்று இறக்கக் கொண்டுவரும்போது, குளத்தங்கரையைத் தாண்டி வந்த காற்று கரைக்கு இந்தப் பக்கம் அப்படியே கீழே அமுக்க, விமானம் நேரே போய் உடைமரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டது.

ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் தொரட்டியோடு வந்தார். ஆனால் தொரட்டி மேலே போனால் குழை விழும் என்பது ஆடுகளுக்குத் தெரியும். அவர் கம்பைத் தூக்கியதும் குளத்தில் கிடந்த அத்தனை ஆடும் ஓடிவந்து மரத்தடியில் அண்ணாந்து நின்றது. "பைய, பைய!" என்று அண்ணாச்சி கீழே நின்று குதிக்கிறார், தாத்தா ஆட்டை அதட்டுகிறார், பையன் வீடியோ எடுக்கிறான். விமானம் ஆடுகள் முதுகில் விழுந்து, உருண்டு, பத்திரமாகத் தரைக்கு வந்தது. ஒரு வெள்ளாடு மட்டும் வாலை ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. தேக்கு.

சேதம் என்று பார்த்தால் றெக்கைத் தோலில் உடைமுள் குத்திய ஒரு துளை, ப்ரொப்பெல்லர் ஒன்று. அண்ணாச்சி றெக்கையை வெளிச்சத்தில் பிடித்து, தட்டி, உள்ளே இருக்கும் விலாக்களை நினைத்துப் பார்க்கிற மாதிரி நின்றார். "அத்தனை ஓட்டை போட்டும் தாங்கிருக்கே" என்றார். அன்று மத்தியானமே பட்டறைக்குத் தூக்கிப் போய், பொறுமையாக உளி வைத்து, வாலுக்குள்ளிருந்த தேக்குத் துண்டைச் சுரண்டி எடுத்து என் கையில் போட்டார். "இந்தச் சனியன் எதுக்கு அங்க கெடக்கு?" என்று என்னையே கேட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். போன வாரம் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆசாரியிடம் புத்தக அலமாரி சொல்லியிருந்தாராம், பக்கப் பலகை, தட்டு எல்லாவற்றிலும் வட்ட வட்டமாக ஓட்டை, கேட்டால் ஏரோப்ளேன் முறை, சந்தேகம் இருந்தால் தம்பியிடம் கேளுங்கள் என்று என் வீட்டைக் கை காட்டியிருக்கிறார். இழுப்பு, அமுக்கம், நடுவில் சும்மா இருக்கும் மரம் என்று நானும் ஆரம்பித்தேன், கனம் குறையும் சார், பலம் அவ்வளவாகக் குறையாது என்றேன்.

"பலம் கெடக்கட்டும்யா," என்றார் வாத்தியார், "ஓட்டைக்கு ஓட்டை பல்லி முட்டை போட்டு வச்சிருக்கு, அதுக்கு என்ன கணக்கு?"