பாட்டியை எடுத்துவிட்ட லேபிள்

திருச்சி உறையூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் சமையலறையில் 2019 முதல் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப்பொடி ஆகியவற்றைச் செய்து விற்று வருகிறேன். முதலில் அக்கம்பக்கத்தார் மட்டுமே வாங்கினார்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு வெளியூர்களுக்குக் கூரியரில் அனுப்பும் அளவுக்கு ஆர்டர்கள் வரத் தொடங்கியதால், மறு ஆண்டு முறைப்படி பதிவு செய்துகொள்ள முடிவு செய்தேன். பதிவு செய்வதைவிட, பாக்கெட்டில் ஒட்டவேண்டிய லேபிளை எழுதுவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எளிதாகவே முடிந்தது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அப்போது அடிப்படைப் பதிவு போதுமானதாக இருந்தது. கட்டணம் அப்போது ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றை இணையத்தில் ஏற்றினால் போதும். நான் தயங்கியது முகவரிக் கட்டத்தில்தான். அதுவரை வாடிக்கையாளர்களிடம் "எங்கள் யூனிட்" என்றும், விலை குறைக்கச் சொல்லிக் கேட்டால் "மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றும் பேசிவந்தேன். யூனிட் என்பது இரண்டு பர்னர் அடுப்பும் ஒரு இரும்பு வாணலியும், மேனேஜரும் நான்தான். வீடு என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்களோ என்ற கூச்சம் அது. விண்ணப்பத்தில் தயாரிப்பிடம் என்ற இடத்தில் வீட்டுக் கதவு எண்ணை எழுதியபோது, அதே முகவரி பாக்கெட்டிலும் அச்சாகவேண்டும் என்பது உறைத்தது. வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றேன். வாசலில் போர்டு மாட்டக்கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை.

லேபிள் வடிவமைத்த தம்பி எதிர்த்திசையில் இழுத்தார். உரலில் பொடி இடிக்கும் ஒரு பாட்டியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே "கையால் இடித்தது, பாட்டியின் பக்குவம், கலப்படமற்றது, வீட்டில் செய்தது" என்று நான்கு வரிகள் எழுதிக்கொண்டு வந்தார். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் பாட்டிக்குப் பொடி அரைக்கவே வராது, கடையில்தான் வாங்குவார். பக்குவம் என் மாமியாருடையது, அதையும் நான் இரண்டு இடங்களில் மாற்றியிருக்கிறேன். அரைப்பதோ தெருமுனை மாவு மில்லில், பத்துப் பேரின் மிளகாய்த்தூளுக்கும் மஞ்சளுக்கும் இடையே வரிசையில் நின்று. உண்மையாகவே வீட்டில் செய்வதால் "வீட்டில் செய்தது" என்ற வரியையாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உணவு விளம்பரங்கள் குறித்த 2018 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், நுகர்வோருக்குத் தவறான எண்ணத்தைத் தரக்கூடிய அத்தகைய சொற்களைப் பயன்படுத்தக்கூடாது என்கின்றன. வறுப்பது வீட்டில், அரைப்பது மில்லில் என்றிருக்கும்போது வாதாட எனக்கு வாய் வரவில்லை. நான்கு வரிகளையும் பாட்டியையும் சேர்த்தே எடுத்துவிட்டோம்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுதி, இறங்குவரிசையில் செல்லவேண்டும் என்பது விதி. நானோ கைப்பிடிக் கணக்கில் போடுகிறவள். ஒரு நாள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தபோது, பருப்புப் பொடியில் துவரம்பருப்பைவிடப் பொட்டுக்கடலை அதிகமாக இருந்தது. விலை ஏறிய மாதங்களில் என் கை தானாகவே பொட்டுக்கடலைப் பக்கம் தாராளமாகியிருக்கிறது என்பதைத் தராசுதான் எனக்குச் சொன்னது. பட்டியலை அப்படியே அச்சிடுவதா, அளவைத் திருத்துவதா என்று இரண்டு நாள் யோசித்து, துவரம்பருப்பைக் கூட்டி விலையில் பத்து ரூபாய் ஏற்றினேன்.

பெருங்காயம் இன்னும் சங்கடமானது. கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்; அதில் பிசினும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரியும், நான் அதுவரை திருப்பியதில்லை. கோதுமை போன்ற, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்களை ஒவ்வாமைப் பொருளாகத் தனியே குறிப்பிடவேண்டும் என்று 2020 ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் படித்த அன்றுதான், சில மாதங்களாக ரசப்பொடி வாங்கிவந்த ஒரு பெண்மணி நினைவுக்கு வந்தார். தம் மகனுக்குச் சீலியாக் நோய் இருப்பதாகவும், கோதுமை அறவே ஆகாது என்றும் சொல்லி அவர் கேட்டபோது, "துளிகூட மாவு இல்லை, தைரியமாகக் கொடுங்கள்" என்று நான் பதில் சொல்லியிருந்தேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன், அவ்வளவுதான். அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் சிறிது நேரம் பேசவும் இல்லை. பிறகு, மில்லில் கோதுமையும் அரைப்பார்களா என்று கேட்டார். அரைப்பார்கள் என்றேன். அதன்பின் அவர் என்னிடம் வாங்குவதில்லை.

எடை விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சமையலறைத் தராசில் கவரோடு சேர்த்து 200 கிராம் வைத்துக் கொடுத்துவந்தேன். கவர் மட்டும் ஒன்பது கிராம். நூறு பாக்கெட்டுக்கு 900 கிராம் பொடி குறைகிறது. நிகர எடை என்றால் கவர் நீங்கலான எடை. தராசுக் கடையில் அந்தத் தராசுக்கு அரசு முத்திரை போட்டு வாங்கித் தரும்படி கேட்டபோது, அது வியாபாரத்துக்கான மாதிரியே அல்ல என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். முத்திரையிட்ட மின்னணுத் தராசு ஒன்றை வாங்கினேன்; அதற்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். இது தவிர, பொட்டலமிட்டு விற்பவர்கள் 2011 ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி 90 நாட்களுக்குள் தனியாகப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. நான் அந்தக் கெடுவை எப்போதோ தாண்டியிருந்தேன். தாமதத்தை ஒப்புக்கொண்டே விண்ணப்பித்தேன்.

இப்போதைய லேபிளில் படம் இல்லை. பொருளின் பெயர், பச்சைப் புள்ளி, சேர்மானம், "கோதுமை உள்ளது" என்ற தடித்த எழுத்து, நிகர எடை, தயாரித்த மாதம், வரிகள் உட்பட விலை, பதினான்கு இலக்கப் பதிவு எண், எங்கள் வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. முதலில் அச்சடித்த 500 பாட்டி லேபிள்களின் பின்பக்கத்தில் என் மகள் கணக்குப் போட்டுப் பழகுகிறாள். நான் அடுப்படியில் இருக்கும்போது போன் வந்தால் மாமனார் எடுக்கிறார். யூனிட்டா என்று யாராவது கேட்டால், "வீடுதாம்மா, மருமக பொடி வறுத்துட்டு இருக்கு, கூப்பிடுறேன்" என்கிறார்.