கிணற்றடி இரும்பன்புளி

மே 9
தம்பி மகனுக்கு 11 வயது. நேற்றிலிருந்து வாந்தி, இடுப்பின் இரு பக்கமும் வலி. வெயிலில் பந்து விளையாடிய சூடு என்று நினைத்து இளநீர் கொடுத்தோம். ராத்திரி முழுக்க அவன் ஒருதடவைகூட ஒன்றுக்குப் போகவில்லை என்பது விடிந்த பிறகுதான் உறைத்தது. உடனே நாகர்கோவிலுக்குக் கிளம்பிவிட்டோம்.

மே 10
சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 5.8. அவன் வயதுக்கு ஒன்றுக்குக் கீழேதான் இருக்க வேண்டுமாம். ஸ்கேனில் கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. "நாட்டு மருந்து ஏதும் கொடுத்தீங்களா?" என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது உடம்பில் தங்கிவிடும், இனி கொடுக்காதீர்கள் என்றார். சாயங்காலம் முதல் டயாலிசிஸ். கழுத்தில் குழாய் போடப் போகும்போது "அத்தே, போவாத" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

மே 11
அவனேதான் சொன்னான். என் அப்பா கொலஸ்ட்ராலுக்காகத் தினமும் காலையில் இரும்பன்புளிக் காயை அடித்துக் குடிப்பார். லீவுக்கு வந்த இவனும் நாலு நாளாகத் தாத்தாவுக்குப் போட்டியாக ஒரு டம்ளர், வெறும் வயிற்றில். உப்பும் காந்தாரி மிளகாயும் போட்டால் நல்லாயிருக்குமாம். மருந்து என்று கேட்டதால் எங்கள் யாருக்கும் அது ஞாபகமே வரவில்லை.

கிணற்றடி மரம் அது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். துணியில் துருக்கறை பட்டால் அம்மா அந்தக் காயைத்தான் தேய்ப்பாள், கறை போயே போய்விடும். அந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலம். ரத்தத்தில் ஏறினால் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படியும். வெறும் வயிறு, உடம்பில் தண்ணீர் வற்றியிருப்பது, இரண்டும் அதைக் கூட்டிவிடும். குழம்பில் நாலு காய் போடுவது வேறு, இருபது காயைப் பிழிந்து குடிப்பது வேறு. 2013-இல் கேரள மருத்துவர்கள் இந்தச் சாற்றால் சிறுநீரகம் பழுதான 10 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நட்சத்திரப்பழமும் இதே இனம்தான், அதிலும் இதே ஆபத்து உண்டு.

மே 13
இரண்டாவது டயாலிசிஸ். அப்பாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள், அவருக்கும் கிரியேட்டினின் கூடியிருக்கிறது. தனக்கு வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பிள்ளைக்கு நான்தானே ஊத்திக் கொடுத்தேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

மே 16
காலை 6 மணிக்கு 90 மில்லி சிறுநீர். மத்தியானம் 240. நர்ஸ் அளவுக்குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தம்பி அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினான்.