ஆசாரி மாமாவும் நூல் அளவுகளும்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நகைக்கடையில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், பட்டுச் சேலை கட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு மாடியில் கணக்கு எழுதும் வேலை. தனி அறையெல்லாம் கிடையாது. முதலாளி சிக்கனக்காரர், ஒரே காற்றாடி எல்லாருக்கும் சுற்றட்டும் என்று என் மேசையைப் பட்டறைக்குள்ளேயே போட்டுவிட்டார். அப்படித்தான் ஆசாரி மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து 1996 முதல் பல வருஷம் வேலை பார்த்தேன். போன மாதம் மன்னார்குடிப் பக்கம் அவருடைய ஊரில் தவறிவிட்டார் என்று, பழைய பட்டறைப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் சொன்னான். அவன் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அவரைப் பற்றி எழுதி வைக்க வேறு யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மாமா ஏன் கப்பல் ஏறினார் என்ற கதைக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. 1963 ஜனவரியில் இந்திய அரசாங்கம் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. சீன யுத்தம் முடிந்த நேரம், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய். பதினாலு காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக்கூடாது என்று உத்தரவு. "பதினாலு காரட்ல தாலி செஞ்சா எவ கட்டிக்குவா?" என்று மாமா இத்தனை வருஷம் கழித்தும் கோபமாகவே கேட்பார். ஊர் ஊராகப் பட்டறைகள் படுத்தன. பிழைக்க வழியில்லாமல் உயிரை விட்ட பொற்கொல்லர்களும் உண்டு. மாமாவின் அப்பா உலையை அணைத்துவிட்டு வயல் கூலிக்குப் போனார். அப்போது மாமாவுக்குப் பதினெட்டு வயது. இங்கே தாய்மாமன் ஒருவர் ஏற்கெனவே பட்டறையில் இருந்ததால், அவர் தயவில் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி வந்து சேர்ந்தார். ராஜூலாவைப் பற்றிக் கேட்டால் வாந்தியைப் பற்றி மட்டும்தான் சொல்வார்.

அவர் கைவேலை முக்கியமாகத் தாலி. சிங்கப்பூரில் தாலி செய்கிறவர் ஒரே மாதிரி செய்து பிழைக்க முடியாது. காலையில் செட்டியார் வீட்டுக் கழுத்துருவுக்கு உருப்படி செய்துகொண்டிருப்பார், மதியம் மலையாளிப் பெண்ணுக்கு ஆலிலைத் தாலி, சாயங்காலம் தெலுங்குக்காரர்களுக்குப் பொட்டு. கிறிஸ்தவர்களுக்குச் சிலுவை வைத்தோ புறா வைத்தோ. ஒரு தடவை மாப்பிள்ளை தமிழர், பொண்ணு சீனப் பெண், இரண்டு பேரும் மாடிக்கே வந்து எந்தத் தாலி என்று தெரியாமல் முழித்தார்கள். மாமா பையனிடம் அவனுடைய பாட்டி பெயரையும் ஊரையும் குலதெய்வத்தையும் கேட்டு, கடைசியில் பாட்டியின் பழைய கல்யாணப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, பூதக்கண்ணாடியில் பார்த்து அதே போல் செய்து கொடுத்தார்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் வீட்டில் பொன்னுருக்கு என்றால் தங்கம் உருக்குகிற மூசை, ஊதுகுழல், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு டாக்சியில் கிளம்பிவிடுவார். நல்ல நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் வைத்து பவுன் காசை உருக்க வேண்டும். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில், பத்தாவது மாடியில், ஹாலில் தீ மூட்டினால் எப்படி இருக்கும்? அடுத்த வீட்டுச் சீன ஆண்ட்டி கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்டதையும், பிறகு உள்ளே வந்து காசு உருகுகிறவரை நகராமல் பார்த்ததையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

எனக்கும் அவருக்கும் பேச்சு ஆரம்பித்ததே சண்டையில்தான். காலையில் ஒவ்வொருவருக்கும் தங்கத்தை நிறுத்துக் கொடுப்பது, மாலையில் செய்த உருப்படி, மிச்சக் கம்பி, அரத்தூள் எல்லாவற்றையும் நிறுத்து வாங்குவது என் பொறுப்பு. குறைவதுதான் சேதாரம். அதற்கு ஒரு வரம்பு உண்டு. வாடிக்கையாளரிடம் வாங்குகிற சேதாரம் வேறு, பட்டறையில் உண்மையில் போகிறது வேறு என்பது நகைக்கடையில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி இங்கே விரிக்க வேண்டாம். மாமாவின் கணக்கில் குறைவு எப்போதும் வரம்புக்கு வெகு கீழே இருக்கும். மற்றவர்களுக்கு அது பிடிக்காது. அவரால் தங்களுக்கும் வரம்பு குறைந்துவிடும் என்று பயம், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. கை கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து வைப்பார். மடித் துணியை உதறாமல் எழுந்தால் பையன்களுக்குத் தலையில் குட்டு விழும். கூட்டிய மண்ணை மூட்டை கட்டி, வருஷத்துக்கு ஒரு முறை சுத்திகரிப்புக்கு அனுப்புவோம். அதிலிருந்து வருகிற தங்கத்தின் எடையை நான் படித்துக் காட்டும்போது, பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி எழுந்து நிற்பார்.

நல்ல மனிதர், ஆனால் சுலபமான மனிதர் இல்லை. யாருக்கும் முழுசாகத் தொழில் சொல்லிக்கொடுக்க மாட்டார், கேட்டால் "பாரு, தானா வரும்" என்பார். நிறையப் பேருக்கு வரவில்லை. நகையைப் பற்றவைக்கக் கேட்மியம் பற்றாசு வந்தபோது, பற்றவைத்த இடத்தில் தங்கத்தின் மாற்று குறையாது என்று அதை விரும்பி எடுத்துக்கொண்டார். அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், ஜன்னலையாவது திறந்து வையுங்கள் என்று நான் சொன்னால், காற்றில் தீ ஆடும் என்று சாத்திவிடுவார்.

அவர் மேசைக்குக் கீழே ஒரு மைலோ டின் இருந்தது. முதலில் கல்லோ முத்தோ என்று நினைத்தேன். ஒரு மதியம் கோப்பி ஓ குடித்துக்கொண்டே திறந்து காட்டினார். உள்ளே வெறும் நூல். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முடிச்சு, சின்னக் காகிதத்தில் பெயரும் வருஷமும். ஊரில் அவர் மனைவி வருஷா வருஷம் மூன்று பிள்ளைகளின் கையையும், கட்டை விரலை மடக்கச் சொல்லி, நூலால் சுற்றி அளந்து கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். நீல விமானக் கடிதத்துக்குள் எதையும் வைத்து அனுப்பக்கூடாது என்பதால், இதற்காகவே கூடக் காசு கொடுத்து உறையில் போடுவாராம். அந்த அளவுக்கு வளையல், பையனுக்குக் காப்பு. பெரிய மகளுக்கு இரண்டேகால் அங்குல வளையல் சரியாக இருந்த வருஷத்தில் அவள் பெரியவளாகிவிட்டாள் என்று தந்தி வந்ததாம். சடங்குக்கு அவரால் போக முடியவில்லை, தீபாவளி நேரம், கடையில் விடமாட்டார்கள். வளையல் மட்டும் ஊருக்குப் போகிற ஒருவர் கையில் போனது.

இதைக் கேட்டுவிட்டு நம் ஆட்கள் உடனே தியாகம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அவர் நிரந்தரவாசி, அதற்கான நீல ஐசி, அதாவது அடையாள அட்டை, வைத்திருந்தார், குடும்பத்தை வரவழைக்க ஒரு கட்டத்தில் வழி இருந்தது. அம்மா தனியாகிவிடுவார், இங்கே வாடகை கட்டுப்படியாகாது, பிள்ளைகள் படிப்பு பாதியில் நிற்கும், இப்படி ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். எல்லாமே நிஜமான காரணங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

அவர் மனைவி ஒரு தடவை விசிட் பாஸில் வந்தார். தினமும் மதியம் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிச் சமைத்துத் தூக்கில் கொண்டுவந்து, பட்டறையில் தரையில் உட்கார்ந்து பரிமாறுவார். "இவரு கொழம்புக்கு உப்பு கம்மியா கேப்பாருன்னு இப்பத்தாம்மா தெரியுது" என்று என்னிடம் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியிருந்தது அப்போது.

பிறகு நடந்தது எல்லாப் பட்டறைகளிலும் நடந்ததுதான். வார்ப்பு நகைகளும் மெஷின் செயின்களும் வெளியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன, மாடியில் கொக்கி மாற்றுவதும் மெருகு போடுவதும் மிஞ்சின. நான் விலகின பிறகு பட்டறையை மூடினார்கள். மாமா நீல ஐசியை ஒப்படைத்து, சிபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் இருந்தபோது அவருக்காக எழுதிய பில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. 2005, அவருக்கு அறுபதாம் கல்யாணம். முதல் கல்யாணத்தில் மனைவிக்குக் கட்டிய தாலி அவர் அப்பா செய்தது. இந்தத் தடவை நானே செய்கிறேன் என்று, வேலை நேரம் முடிந்து எல்லாரும் போன பிறகு பல நாள் உட்கார்ந்து செய்தார். எட்டுக் கிராம், ஒரு பவுன், 916. முதலாளி தங்கத்துக்கு மட்டும் காசு வாங்கு, செய்கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. கடை உலை, கடை கேஸ், கடை வெங்காரம், செய்கூலி போடு என்றார். போட்டேன். 5 சதவீத ஜிஎஸ்டி போட்டேன். சேதாரத்துக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்ததைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது? கால் கிராம் போயிருக்கு, நீதானே நிறுத்தே?"

"உங்க தாலிதானே மாமா, விடுங்க."

"விட்டா ராத்திரி உன் ஏட்டுல இடிக்கும். எழுது."

எழுதினேன். மொத்தம் போட்டு நீட்டியதும் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, ரசீதில் கடை முத்திரை குத்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.