சாமி மலையேறாதபோது

ஆடி மாதம் பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்து அம்மன் கோயில்களில் ஒருவருக்கு அருள் வந்தால் யாரும் பதறுவதில்லை. உடுக்கை அடித்தால் வரும், குறி சொல்லும், விபூதி பூசினால் மலையேறிவிடும். மறுநாள் ஆள் வேலைக்குப் போய்விடுவார். அது நோயல்ல. நாள்கணக்கில் மலையேறவில்லை, தூக்கம் போச்சு, குளியலும் சாப்பாடும் கெட்டது, அதே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கே அவர் பேச்சு ஒட்டவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்கிசோஃப்ரினியா (இல்லாத குரல் கேட்கும், பிரமை வரும் மனநோய்), பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறும் நோய்) என்று ஏற்கெனவே மருந்தில் இருப்பவர் “அம்மன் பேசுறா” என்றால், “எல்லாம் பிரமை” என்று மல்லுக்கட்டாதீர்கள். அடுத்த முறை சொல்லவே மாட்டார். “அம்மன்தான் மாத்திரை போடச் சொன்னா” என்று அவரோடு சேர்ந்து நடிப்பதும் வேண்டாம். நாளைக்கு அம்மன் வேண்டாமென்றால் என்ன செய்வீர்கள்? “உனக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல. என்ன சொல்றா?” என்று கேளுங்கள். ஆறுதல் சொல்கிற குரல் என்றால் அடுத்த விசிட்டில் டாக்டரிடம் சொல்லலாம். செத்துப்போ, சாப்பிடாதே, இன்னாரை வெட்டு என்றால் நடு ராத்திரியானாலும் பெங்களூரு அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் எமர்ஜென்சிக்குக் கிளம்புங்கள். போனில் யோசனை கேட்க அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.

உண்மையில் அதிகம் சிக்கலாவது விரதம்தான். பைபோலாருக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உப்பில்லா விரதம் ஆபத்து. உடம்பில் சோடியமும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துக்கொள்ளும். கை நடுக்கம் கூடும், வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம் வரும். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்காமல், அடுத்த டோஸ் கொடுக்காமல், அன்றே ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். ஸ்கிசோஃப்ரினியாவுக்கான குளோசபைன் மாத்திரை வேறு மாதிரி: விரதத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே போடக்கூடாது, பிபி சட்டென்று இறங்கும். டாக்டர் மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்துதான் ஏற்றுவார். ஆகவே மாலை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். பூசாரியையோ ஃபாதரையோ கையில் வைத்துக்கொள்வதும் நல்லது. “மாத்திரையை விடாதே” என்று அவர் சொன்னால் வீட்டார் நூறு முறை சொன்னதற்குச் சமம்.

பைபோலார் உள்ளவர் கரகம் பார்க்க விடிய விடிய விழிக்க வேண்டாம்; தூக்கம் கெட்டாலே மேனியா (அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும்) கிளம்பலாம். சாயங்கால பூஜைக்குத் தாராளமாகப் போகலாம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மருந்து வேலை செய்து குரல் அடங்கியதும், “சாமி என்னை விட்டுட்டுப் போயிட்டா” என்று சிலர் உடைந்துபோவார்கள். அந்த ஏக்கத்திலேயே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. குணமாகிவிட்டதே என்று கொண்டாடுவதற்கு முன், அந்த வெறுமையைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.