பாடிக்கொண்டே குலுக்கும் லாட்டரி

ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி 1812இல் காதிஸ் நகரில் தொடங்கியது. இன்றும் டிசம்பர் 22 அன்று பள்ளிப் பிள்ளைகள் மேடையேறி, ஒருவர் எண்ணையும் இன்னொருவர் பரிசுத் தொகையையும் ராகம் போட்டுப் பாடுகிறார்கள். மணிக்கணக்கில் அதே ராகம்தான், ஆனாலும் சலிக்காமல் பார்க்கிறார்கள்!

முழுச் சீட்டு 200 யூரோ. அதனால் பெரும்பாலும் 20 யூரோ கொடுத்து ‘தெசிமோ’ எனும் பத்தில் ஒரு பங்கைத்தான் வாங்குவார்கள். முதல் பரிசு ‘எல் கோர்தோ’ விழுந்தால் அந்தப் பங்குக்கு 4 லட்சம் யூரோ, அதிலும் வரி போக மிச்சம்தான் கைக்கு வரும். வாய்ப்போ லட்சத்தில் ஒன்று.

அப்புறம் ஏன் வாங்குகிறார்கள்? ஒரே எண் பல சீட்டுகளில் அச்சாவதால் ஆபீஸ், பார், கால்பந்து கிளப் என்று கூட்டமாக ஒரே எண்ணை எடுக்கிறார்கள். எனக்கென்னவோ ஆசையைவிட, ‘மொத்த ஆபீஸுக்கும் விழுந்து நமக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டால்?’ என்ற பயம்தான் பர்ஸைத் திறக்க வைக்கிறது என்று தோன்றுகிறது.