பனங்கொட்டைக் கணக்கு

நாங்குநேரிப் பக்கம் ஒரு மானாவாரிக் குளம். மழை தப்பினாலும் கொட்டினாலும் ஊர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று போட்ட திட்டத்தில், படிவம் நிரப்புவது என் வேலை. எத்தனை லோடு கரம்பை மண் அள்ளியாயிற்று, கரை எத்தனை அடி உயர்ந்தது, கரையைப் பிடித்து நிறுத்தப் பனங்கொட்டை எத்தனை ஊன்றியது. 2023 அக்டோபரில் எல்லாக் கட்டமும் நிறைந்துவிட்டது. எனக்குப் பாராட்டு வேறு.

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைதான். எங்கள் குளம், நிறைந்த தண்ணீர் வெளியேறும் மறுகாலை ஒட்டியே உடைந்தது. வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். மறுகால் ஓடை முழுக்கச் சீமைக்கருவேலம். வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் அதில் சிக்கி, தட்டி கட்டியது போல நின்றது. அந்த மழைக்கு எந்தக் கரையும் நிற்காது என்றார்கள் அலுவலகத்தில். இருக்கலாம். மடை பார்க்கும் அண்ணாச்சி மட்டும் என் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, தண்ணி வெளிய போற வழிய எழுதுததுக்கு இதுல எடமில்லியோ?"

அப்புறம் பொங்கல் வந்தது. கரை நெடுகக் குழி குழியாகக் கிடந்தது. ஊன்றிய கொட்டையெல்லாம் கிழங்கு விட்டிருந்தது. ஆட்கள் தோண்டிப் பொங்கப்படிக்கு, அதாவது பொங்கல் சீருக்கு, கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கட்டு வந்தது. அவித்துத் தின்ற பிறகுதான் எந்தக் கரைக் கிழங்கு என்று தெரிந்தது! படிவத்தில் 'ஊன்றியது' என்ற கட்டம் உண்டு, 'நிற்பது' கிடையாது.

தோண்டியவர்களைத் திட்டி என்ன பயன்? கேட்டோம். கிழங்குக்குத் தனியாகப் பாத்தி வேண்டும் என்றார்கள், கரைக்குக் கீழே ஒதுக்கினோம். அடுத்த தடவை ஊன்றியதைக் கரையில் யாரும் தொடவில்லை. ஆடு மேய்ந்தது போக மிச்சத்தை ஆடியில் எண்ணினேன்.

அண்ணாச்சி மடைக்கல்லில் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை நாற்பது பக்க நோட்டில் எழுதுவார்: தண்ணீர் எத்தனையாவது கோட்டில், மறுகால் பாய்கிறதா, ஓடையில் முள் வெட்டியாயிற்றா. புரட்டாசிக்குள் வெட்டாவிட்டால் எனக்கு போன் வரும். அந்தக் குறிப்புக்கு அலுவலகப் படிவத்தில் இன்னும் கட்டம் போடவில்லை. பின்பக்கத்தில் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.